கணக்கில் ஏறாத செலவு



தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழும் நம்முடைய குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முறையாக ஒருவரைச் சந்திக்கும்போது, சொந்த ஊர் எது என்று கேட்கிறோம். அடுத்தபடியாக, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறோம். மகன் பாங்கில் அதிகாரியாக இருக்கிறான் என்றோ, மகள் கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள் என்றோ, மும்பையில் முதலீட்டுக் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளம் என்றோ விடை வருமானால், நம் முகம் மலர்கிறது. அதற்கு மேல் எதையும் நாம் கேட்பதில்லை.

இந்த மகிழ்ச்சிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுருக்கெழுத்தும், தட்டெழுத்தும், கணக்குப் பதிவும் கற்ற தமிழ் இளைஞர்கள் பம்பாய் மாதுங்காவிலும், டில்லி கரோல் பாக்கிலும், கல்கத்தா ஏரிப் பகுதியிலும் அறை பிடித்துத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கைமார் திருமணங்களை நடத்தி வைத்த வரலாறு நம் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு. சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26ஆம் தேதி சமர்ப்பித்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சண்முகம் செட்டியார். 1992 முதல் 1997 வரை ரிசர்வ் பாங்கின் கவர்னராக விளங்கியவர் சி. ரங்கராஜன். பணத்தைப் பொறுப்பாகக் கையாளுபவர் என்ற பெயர் நம்மவர்க்கு எளிதில் கிடைத்ததன்று. பல தலைமுறைகள் உழைத்து ஈட்டிய பெயர் அது.

ஆனால் எந்த வரவுக்கும் ஒரு செலவு உண்டு என்பதைக் கணக்கு எழுதுவோர் அறிவர். நிதித் தொழிலில் கிடைக்கும் வரவை நாம் நன்கு அறிவோம். அதற்காக அத்தொழிலில் இருப்போரும் அவர் குடும்பத்தாரும் தரும் விலை என்ன? அந்த விலை எந்த ஏட்டில் பதிவாகிறது? இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில், இந்தத் தொழில் மற்றத் தொழில்களைக் காட்டிலும் மனிதனை அதிகமாகப் பிடித்துக்கொள்வது ஏன் என்று பார்க்க வேண்டும். வேலை நேரம் மிகுதி என்பது மட்டும் காரணமன்று. உழவரும், மருத்துவரும், இரயில்வே ஊழியரும் நேரம் பாராது உழைக்கிறார்கள். நிதித் தொழிலின் தனித்தன்மை, அது ஒத்திப்போட முடியாத தேதிகளால் ஆனது என்பதே. நம் நாட்டில் அரசாங்கத்தின் நிதியாண்டு 1867 முதல் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பாங்குகள் முன்பு டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆண்டுக் கணக்கை முடித்து வந்தன. 1980களின் இறுதியில் அவையும் மார்ச் 31க்கு மாறின. அன்று இரவு ஒரு ரூபாய் ஒத்துவராவிட்டாலும் எவரும் வீடு திரும்ப இயலாது.

இந்தக் கணக்கு நாட்காட்டியையும், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குச் சென்று பொங்கலிட்டு வழிபடுவது தொன்றுதொட்ட மரபு. பங்குனி உத்திரம் மார்ச்சின் பிற்பாதியிலோ ஏப்ரலின் முதல் வாரங்களிலோ வருகிறது. ஆண்டுக் கணக்கு முடிவும், பாங்குத் தணிக்கையும் அப்போதுதான். பங்குச் சந்தையில் பதிவு பெற்ற கம்பெனிகள் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும் என்பது விதி. டிசம்பரில் முடியும் காலாண்டுக்குப் பிப்ரவரி 14 வரை அவகாசம். இடையில் வருவது பொங்கல். செப்டம்பரில் முடியும் காலாண்டுக்கு நவம்பர் 14 வரை அவகாசம். இடையில் வருவது தீபாவளி. வருமான வரித் தணிக்கை அறிக்கைகள் வழக்கமாகச் செப்டம்பர் இறுதிக்குள் சேர வேண்டும். நவராத்திரி அதை அடுத்தோ, அதனோடு சேர்ந்தோ வருகிறது. இந்த விதிகளை வகுத்தவர்களுக்கு நம் பண்டிகைகளின்மேல் பகை ஒன்றுமில்லை. ஆயினும், கணக்குத் தொழிலில் இருக்கும் தமிழர் ஒருவர் தம் வீட்டு விசேஷங்களில் பெரும்பாலானவற்றை ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிடக் கூடும்.

முன்னாளில் பணத்துக்கும் உறக்கம் இருந்தது. பகல் இரண்டு மணிக்குக் கிளையின் கதவு சாத்தப்பட்ட பிறகு காசாளர் பணத்தை எண்ணிக் கட்டி வைப்பார். கணக்கர் பேரேட்டைச் சரிபார்ப்பார். விளக்கு வைக்கும் நேரத்திற்குச் சற்றுப் பின்னராவது இருவரும் வீடு சேர்வர். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் என்னும் மின்வழிப் பணப் பரிமாற்றமும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். என்னும் பெருந்தொகைப் பரிமாற்றமும் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. மக்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் பணம் உறங்காத இடத்தில் அதைக் காப்பவரில் சிலரும் உறங்க முடியாது. கைப்பேசி தலையணைக்கு அருகில் இருக்கிறது. அது ஒலிக்கும் என்ற எதிர்பார்ப்பே தூக்கத்தைப் பாதி குறைத்துவிடுகிறது.

இனி, செலவுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் செலவு, இளமை. பட்டயக் கணக்காளர் படிப்பை எடுத்துக்கொள்வோம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு ஜூலை முதல் தேதி நிறுவப்பட்ட கழகம் அந்தப் படிப்பை நடத்துகிறது. பள்ளி முடித்த பிள்ளை படித்துக்கொண்டே, மூத்த கணக்காளர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பயிற்சி பெறுவது நெடுநாளைய முறையாக இருந்தது; 2023இல் வந்த புதிய திட்டம் அதை இரண்டாண்டுகளாக்கியது. இறுதித் தேர்வில் இரு பிரிவுகளையும் சேர்த்து எழுதுவோரில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறாத பருவங்கள் பல உண்டு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, ஐந்தாம் முறை என்று எழுதும் பிள்ளைகளை நாம் அறிவோம். நண்பர்களின் திருமணங்களுக்குப் போகாமல், உறவினர் வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வரை அவர்கள் கழிக்கிறார்கள். தேறியவரை ஊர் கொண்டாடுகிறது. தேறாதவரின் ஏழாண்டுகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இரண்டாவது, குடும்பம் பிரிந்து வாழ்தல். 1969 ஜூலை 19ஆம் தேதி பதினான்கு பெரிய பாங்குகள் நாட்டுடைமையாயின. அவ்வாண்டு சுமார் 8,000 ஆக இருந்த பாங்குக் கிளைகள் 1990இல் ஏறக்குறைய 60,000 ஆகப் பெருகின. கடன் என்பதையே வட்டிக்கடைக்காரரிடம் மட்டும் அறிந்திருந்த கிராமங்களுக்குப் பாங்கு சென்றது. அஃது ஒரு பெரிய தேசத் தொண்டு. அந்தக் கிளைகளைத் திறந்து நடத்தியவர்கள் இடமாற்ற ஆணையைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்த அதிகாரிகள். பதவி உயர்வும் இடமாற்றமும் இரட்டைப் பிள்ளைகள் என்று அவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. கணவர் அஸ்ஸாமில், மனைவி டில்லியில், பத்தாம் வகுப்பு மகள் தாயோடு, முதிய தாய்தந்தையர் தஞ்சையில் என்று ஒரே குடும்பம் மூன்று அடுப்பு மூட்டுவது இன்றும் அரிய காட்சியன்று. அதிகாரி பெண்ணாக இருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. குழந்தையை எண்ணிப் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தமக்குப் பின் சேர்ந்தவரின்கீழ் பணி செய்யும் மகளிர் எத்தனையோ பேர். அவர்கள் விட்டுக்கொடுத்த தொகையை எந்தப் பேரேட்டிலும் காண முடியாது.

மூன்றாவது, பேச்சு. இது வெளியாருக்குத் தெரியாத செலவு. ஆசிரியர் வீட்டுக்கு வந்து பள்ளியைப் பற்றிப் பேசலாம். வியாபாரி கடையைப் பற்றிப் பேசலாம். நிதித்துறையில் இருப்பவர் தம் மனத்தை அழுத்தும் விஷயத்தைப் பெரும்பாலும் வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் கணக்கு இரகசியம். வெளிவராத கம்பெனிக் கணக்கும் இரகசியம். 2015இல் வந்த பங்குச் சந்தை விதிகளின்படி, கம்பெனியின் உட்செய்தி அறியும் பொறுப்பில் உள்ளவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய குடும்பத்தாரும், காலாண்டு முடிந்தது முதல் கணக்கு வெளியாகி 48 மணி நேரம் வரை அக்கம்பெனியின் பங்குகளை வாங்கவோ விற்கவோ கூடாது. விதி நியாயமானதே. ஆனால் நாளடைவில் என்ன நேர்கிறது? அலுவலகச் செய்தியைச் சொல்லாதிருக்கப் பழகியவர் மெல்ல மெல்ல எதையுமே சொல்லாதவர் ஆகிவிடுகிறார். சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்க்கிறார். என்ன என்று மனைவி கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார். அந்த ஒன்றுமில்லை என்ற சொல் பல ஆண்டுகள் தொடர்ந்து வரும்போது, அவ்வீட்டில் உண்மையாகவே பேச ஒன்றுமில்லாமற் போகிறது.

நான்காவது, கையெழுத்தின் அச்சம். பொறியாளர் கட்டிய பாலம் நின்றால் அவர் நிம்மதியாக உறங்கலாம். பாங்கு அதிகாரி நல்லெண்ணத்தோடு கொடுத்த கடன் பத்தாண்டு கழித்து மூழ்கலாம். ஓய்வு பெறும் தறுவாயில் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்பெனியின் தலைவர், கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகக் காட்டப்பட்டன என்று தாமே ஒப்புக்கொண்டது நாட்டையே திடுக்கிட வைத்தது. அதன் பிறகு தணிக்கையாளர்மீது கண்காணிப்பு இறுகியது. 2018இல் அவர்களை விசாரிக்கவென்றே தேசிய அளவில் ஓர் ஆணையமும் அமைந்தது. பொதுமக்களின் சேமிப்பைக் காக்க இது வேண்டியதே. எனினும் நேர்மையான கணக்காளரும் இன்று ஒரு காகிதத்தில் கையெழுத்திட்ட பின்பு, நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, எதையாவது பார்க்காமல் விட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்.

ஐந்தாவது, உடல். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் மிகுதி என்று மதிப்பிட்டது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரமே வேலை என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அதிகாரி என்றும் மேலாளர் என்றும் பெயர் பெற்றவரை அத்தகைய வரம்புகள் பெரும்பாலும் காப்பதில்லை. மேசை நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைதானே என்று நாம் எண்ணுகிறோம். நாற்காலி உடலைத் தேய்ப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவையெல்லாம் பொதுவாகச் சொன்னவை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும்.

டில்லியில் பாங்கு அதிகாரியாக இருந்த நண்பர் ஒருவர். அவருடைய தந்தையார் மாயவரத்தில் கூட்டுறவு பாங்கு ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அப்பெரியவருக்கு ஒரு நாள் காலை வலக்கை மரத்தது, நாக்குக் குழறியது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இத்தகைய குறி, பின்னால் வரக்கூடிய பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கை என்று மருத்துவர்கள் சொல்வர். பெரியவருடைய மனைவியார் மகனுக்குச் செய்தி சொல்லத் தொலைபேசியை எடுத்தார். "வேண்டாம், இது மார்ச். பையனைக் கலைக்காதே. முதல் தேதி கழியட்டும்" என்று பெரியவர் தடுத்துவிட்டார். மார்ச் மாதம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் அவரே அதில் கழித்தவர். முப்பதாம் தேதி விடியற்காலையில் பெரிய தாக்குதல் வந்தது. அப்போதும் அந்த அம்மையார் கணவர் சொல்லைக் காத்து, அண்டை வீட்டாரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றார். மகனுக்குச் செய்தி எட்டியது முதல் தேதி மாலையில். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது தந்தையார் கண் திறந்து பார்த்தார், கையைப் பற்றிக்கொண்டார். அதன்பின் இரண்டாண்டுகள் உயிரோடிருந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நண்பருக்கு விடுப்பு மறுக்கப்படவில்லை. அவர் விடுப்புக் கேட்கவே இல்லை. கேட்கும் வாய்ப்பே அவருக்கு வரவில்லை. கேட்டிருந்தால், மேலதிகாரி அன்றிரவே புறப்படச் சொல்லியிருப்பார் என்றே நண்பர் இன்றும் கூறுகிறார். அலுவலகம் கேளாத தியாகத்தை வீடு தானே முன்வந்து செய்துவிட்டது. தொழிலின் நாட்காட்டி வீட்டாரின் நெஞ்சுக்குள்ளேயே தொங்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தொழிலின் மிகப் பெரிய செலவு இவ்வாறுதான், எவரும் உத்தரவிடாமலே, எவருடைய கையெழுத்தும் இல்லாமலே, எழுதப்பட்டுவிடுகிறது.

உத்தரவு தெளிவாக இருக்கும் இடமும் உண்டு. மத்திய வரவு செலவுத் திட்டம் அச்சாகும் நாட்களில் அதில் ஈடுபட்டோர் புது டில்லி நார்த் பிளாக் கட்டடத்திலேயே அடைபட்டு, வெளித் தொடர்பின்றி இருந்து பணி செய்த வழக்கத்தை நேயர்கள் அறிவர். 2020 ஜனவரியில் அங்கே பணியில் இருந்த அச்சக அலுவலர் ஒருவருக்குத் தந்தையார் காலமான செய்தி வந்தது. அவர் பணியை விட்டு அகலவில்லை. நிதி அமைச்சகம் அவருடைய கடமையுணர்வைப் பாராட்டி அறிவித்தது. அந்தப் பாராட்டு உரியவருக்கு உரியதே. அத்தகைய நாட்கள் ஆண்டில் சில. அவற்றின் எல்லை முன்கூட்டியே தெரியும். ஆண்டு முழுவதையும் அத்தகைய நாட்களாக நாமே ஆக்கிக்கொள்வதுதான் கவலைக்குரியது.

எல்லை தெரிவது எத்துணை முக்கியமானது என்பதற்கு நம் முன்னோரிடமே சான்று இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும், மலேயாவிலும், இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய நாட்களில், கடைக்கு ஏஜெண்டாகச் செல்பவர் பொதுவாக மூன்றாண்டுக் காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறுவார். மனைவி மக்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பர். கடுமையான பிரிவுதான், அந்தப் பெரிய வீடுகளின் முற்றங்கள் எத்தனை கண்ணீரைக் கண்டனவோ! ஆனால் மூன்றாண்டு முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. பிரிவு என்னும் செலவுக்கு ஓர் அளவும், ஒரு முடிவுத் தேதியும் இருந்தன. ஐந்தொகை எழுதத் தெரிந்த அந்த வணிகர்கள், மனித வாழ்விலும் ஓரளவு ஐந்தொகை எழுதியிருந்தார்கள். இன்றைய உத்தியோகத்தில் சம்பளத்துக்கு அளவுண்டு, பிரிவுக்கு அளவில்லை. இந்தக் காலாண்டு முடியட்டும், இந்தத் தணிக்கை முடியட்டும், இந்தப் பதவி உயர்வு வரட்டும் என்று முடிவுத் தேதி நகர்ந்துகொண்டே போகிறது.

அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம், நிதித்துறைச் சொற்களுக்குத் தமிழ் காணும்போது அடிக்கடி எதிர்ப்படுவது தேய்மானம் என்னும் சொல். இயந்திரம் ஆண்டுதோறும் தேய்கிறது. ஆகையால் அதன் மதிப்பில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் செலவாக எழுத வேண்டும் என்பது கணக்கியலின் விதி. அவ்வாறு எழுதாவிட்டால் தேய்வு நின்றுவிடுவதில்லை, கணக்குத்தான் பொய்யாகிறது. மேசைக்கும் நாற்காலிக்கும்கூடத் தேய்மானம் எழுதும் கணக்காளர், தமக்கும் தம் இல்லத்துக்கும் அதை எழுதுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். ஆனால் மகளின் பத்து வயது, தாயாரின் எழுபதாம் ஆண்டு, நண்பனின் கடைசி நோய் ஆகியவை பின்னொரு நாளில் செலுத்தக்கூடிய நிலுவைகள் அல்ல.

நாம் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று சிலர் கூறுவதுண்டு. இதற்கு விடை பாங்குத் துறையிலேயே இருக்கிறது. முக்கியமான பொறுப்புகளில் இருக்கும் ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்துள்ளது. 2015இல் வந்த அறிவுறுத்தல் 2021இல் மேலும் திருத்தமாக்கப்பட்டது. அந்த நாட்களில் அவர் தம் வேலைக்குரிய ஏடுகளைத் தொடக் கூடாது. முன்னறிவிப்பும் கூடாது. ஊழியர் ஊருக்குப் போய் இளைப்பாற வேண்டும் என்ற கருணையால் வந்த விதியன்று இது. முன்னறிவிப்பே இல்லாதபோது இரயில் டிக்கெட்டு எடுப்பது எங்ஙனம்? அவர் இல்லாதபோது மற்றொருவர் ஏடுகளைப் பார்த்தால் மோசடி ஏதும் இருந்தால் வெளிப்படும் என்பதே அதன் நோக்கம். ஆயினும் அந்த விதியில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எவ்வளவு முக்கியமான மனிதராயினும் அவரின்றிப் பத்து நாட்கள் நடக்கும்படி ஓர் அலுவலகம் அமைந்திருக்க வேண்டும் என்று நிதித்துறையே முடிவு செய்துவிட்டது. அலுவலகத்தில் நமக்கு மாற்று ஆள் உண்டு. இருந்தே ஆக வேண்டும். தந்தை என்ற இடத்துக்கும், தாய் என்ற இடத்துக்கும், மகன், மகள் என்ற இடங்களுக்கும் மாற்று ஆள் இல்லை.

சொந்த ஊரிலிருந்தால் ஓரளவு உண்டு. அங்கே பெரியப்பா இருப்பார், அத்தை இருப்பார், எதிர்வீட்டுப் பாட்டி இருப்பார். அப்பா கணக்கு முடிக்கச் சென்றிருக்கும் இரவில் குழந்தையை மடியில் போட்டுக் கதை சொல்ல ஒருவர் இருப்பார். அயல் மாநிலத்தில் நான்காம் மாடிக் குடியிருப்பில் கணவன், மனைவி, ஒரு குழந்தை மட்டும் வாழும் வீட்டில் அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஆளில்லை. ஆகவேதான் இந்தச் செய்தி மற்றவரைக் காட்டிலும் நமக்கு அதிகமாகப் பொருந்துகிறது.

இதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்பலாகாது என்று எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. விதவைத் தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பத்திரமாக இருப்பதும், உழவருக்கு விதைக்குக் கடன் கிடைப்பதும், ஏழை மாணவி கல்லூரியில் சேர்வதும் யாரோ ஒருவர் மார்ச் மாதத்து இரவில் கண் விழித்துக் கணக்குப் பார்ப்பதனால்தான். அந்த உழைப்பு மதிப்புக்குரியது. நாம் வேண்டுவது, அதன் விலையை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதே. செய்யத்தக்கவை சில உண்டு.

தொழிலில் இருப்போர், ஏப்ரலில் புதிய ஆண்டுக் கணக்கைத் தொடங்கும்போதே, வீட்டுக்கு உரிய நாட்களையும் குறித்துவிட வேண்டும். பங்குனி உத்திரத்துக்குப் போக முடியாதென்றால் சித்திரையில் எந்த நாள் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பார்க்கலாம் என்பது தேதியாகாது.

ஊரில் பெற்றோர் இருப்பவர்கள் அவர்களிடம் வாய்விட்டு ஒன்று சொல்ல வேண்டும்: மார்ச் மாதத்திலும் அழையுங்கள்; நள்ளிரவிலும் அழையுங்கள்; எங்கள் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதைச் சொல்லாமலே அவர்கள் அறிந்துகொள்வார்கள் என்று எண்ணக் கூடாது. பிள்ளைகளின் உத்தியோகத்தைப் பிள்ளைகளைவிட அதிகமாக மதித்து அஞ்சுபவர்கள் நம் பெற்றோர். பணம் இன்று நொடியில் ஊர் போய்ச் சேருகிறது. அவர்கள் காத்திருப்பது பணத்துக்கன்று.

பிள்ளைகள் இத்தொழிலில் இருக்கும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேட்க வேண்டும். ஐந்தாம் முறையும் தேர்வில் தவறிய பிள்ளைக்கு வேறு வழியும் உண்டு என்று சொல்லும் தைரியம் வீட்டில் எவராவது ஒருவருக்கு இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் தமிழ்ச் சங்கங்களும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் செய்யக்கூடியது ஒன்று. நம்மிடையே பாங்குக் குடும்பங்கள், கணக்காளர் குடும்பங்கள் எவை என்று நமக்குத் தெரியும். மார்ச் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் அந்த வீட்டுக் குழந்தைகளை மாலை வேளைகளில் நம் வீட்டுக்கு அழைத்துக்கொள்வோம். அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்போம். தனி அறையில் தங்கியிருக்கும் பயிற்சிக் கணக்காளப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை ரசம் சாதம் இடுவோம். மாமா என்றும் மாமி என்றும் அழைக்கப் பழகிய நமக்கு இது புதிய கடமையன்று. அயலூரில் உறவு என்பது பிறப்பால் மட்டும் வருவதில்லை. இத்தகைய சிறு உதவிகளால் சேர்த்து வைக்கப்படுவது.

அடுத்த முறை ஒரு வீட்டுக்குச் செல்லும்போது, பிள்ளை எங்கே வேலை பார்க்கிறான் என்று வழக்கம்போல் கேட்போம். விடை கேட்டு மகிழ்வோம். பிறகு, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறான் என்றும் ஒரு வார்த்தை கேட்போம்.